மெல்பர்னுக்கு ஊரிலிருந்தே கூலிங் கிளாஸ் வாங்கி வரலாமா?

தம்பி, பிப்ரவரியில் மெல்பர்னுக்குப் படிக்க வருவதாகச் சொல்லி, வாடகை, ஓட்டுநர் உரிமம், பகுதிநேர வேலை ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, கடைசியில் ஊரிலேயே நூறு ரூபாய்க்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி வந்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்றுக்கும் விடை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வி என்னை 2005-ஆம் ஆண்டுக்கே இழுத்துச் சென்றுவிட்டதால், அதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நானும் தூத்துக்குடி நடைபாதையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியோடுதான் வந்து இறங்கினேன். கிடைத்த வேலை, ஒரு பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துத் தள்ளுவது. கான்கிரீட் தரையும் வரிசையாக நிற்கும் கார்களும் வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கும். மேற்பார்வையாளர் தொப்பி கொடுத்தாரே தவிர, கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாலையில் மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தும். தூசி என்று எண்ணித் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் படுத்துவிடுவேன்.

நான்கு கோடைகள் கழிந்த பின்பு, கண் பரிசோதகர் என் இடக்கண்ணைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மூக்கை ஒட்டிய வெள்ளை விழியிலிருந்து, நூலிழை போன்ற இரத்த நாளங்களோடு, முக்கோணமாக ஒரு சதை கருவிழியை நோக்கி ஊர்ந்திருந்தது. என் கண்ணாடியையும் ஒரு சிறு கருவியில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தை மறைத்த அது, வெயிலோடு கண்ணுக்குத் தெரியாமல் வந்து இப்படிச் சதை வளரக் காரணமாகும் புற ஊதாக் கதிரைத் தாராளமாக உள்ளே விட்டிருக்கிறது. கண் கூசாததால் நானும் நாள் முழுவதும் வெயிலில் நின்றிருக்கிறேன்.

ஆகவே நிறத்தையும் விலையையும் பார்க்காமல் கண்ணாடியோடு வரும் விவரச் சீட்டைப் பாருங்கள். இங்கே விற்கும் கண்ணாடிகளுக்கு 0 முதல் 4 வரை தர எண் உண்டு. 0, 1 அழகுக்கு மட்டுமே. 2 அல்லது 3 வாங்குங்கள். 4 மிகவும் இருண்டது என்பதால் அதை அணிந்து வண்டி ஓட்டக்கூடாது. போலரைஸ்டு என்பது கண் கூச்சத்தைக் குறைக்குமே ஒழிய, புற ஊதாத் தடுப்பு வேறு விஷயம். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் புகாதபடி முகத்தோடு ஒட்டி நிற்கவும் வேண்டும்.

நம்மவர்களில் ஒரு கூட்டம், "ஊர் வெயிலையே பார்த்தவனுக்கு இது ஒரு வெயிலா?" என்று சிரிக்கும், இன்னொரு கூட்டம் முந்நூறு டாலர் கண்ணாடியை வாங்கி நடுமண்டையில் மாட்டிக்கொண்டு திரியும். புற ஊதாக் கதிர் ஊரிலும் கடுமையானதுதான், ஆனால் அங்கே சூடு நம்மை நிழலுக்கு விரட்டிவிடும். இங்கே 22 டிகிரியில் இதமாகக் காற்று வீசும்போதும், அந்தக் கதிரின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு பத்தைத் தாண்டி மிகக் கடுமையாக இருக்கலாம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் முடியும்வரை வெயில் பாதுகாப்பு தேவை என்பார்கள். பேருந்து நிறுத்தம்வரை போவதற்குக்கூட அகலத் தொப்பியும் கண்ணாடியும் அணியும் என்னைப் பார்த்து "வெள்ளைக்காரனாகிவிட்டான்" என்று சிரித்த நண்பர்களில் இருவர், இப்போது என் பரிசோதகரிடமே வருகிறார்கள்.

அந்தச் சதையை அறுத்து எடுக்கலாம், ஆனால் மீண்டும் வளரக்கூடும் என்பதால் நான் இன்னும் கத்தி வைக்கவில்லை. ஆண்டுதோறும் போய் அளந்து பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதமும் அதே இரண்டு மில்லிமீட்டர்தான்.