ஏற்காடு நூலகக் கதைநேரம்: கூட்டம் குறைந்தால்

ஏற்காடு நூலகத்தில் நீங்கள் நடத்தும் சனிக்கிழமைக் கதைநேரத்துக்கு வந்த 20 பிள்ளைகள் மூன்றே வாரத்தில் நாலாகக் குறைந்துவிட்டார்கள் என்கிறீர்கள். மாலை 4 மணியைக் காலை 10-க்கு மாற்றுங்கள். இவ்வளவு வேகமாகக் குறைய, கதை காரணமாக இருக்காது. எஸ்டேட் பிள்ளைகளுக்கு மாலையில் ஊர் திரும்பும் பஸ்தான் கவலை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் பெரிய பிள்ளைகள் தலையில் விழும். அந்தத் தம்பி தங்கையையும் கூட்டிவரச் சொல்லுங்கள், ஓரமாக ஒரு பாய், நாலு படப்புத்தகம் போதும்.

வருகை நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதிப் பாருங்கள். வராமல் நின்றவர்கள் எல்லாம் இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் என்றால், பஸ்தான் காரணம். அப்போது பெட்டியில் 30 புத்தகம் போட்டு நீங்களே லைன் வீட்டுப் பக்கம் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய்விடலாம்.

ஆனால் நூலகப் பதிவேட்டில் ஏறிய புத்தகத்தை வாய்மொழி அனுமதியில் எடுக்காதீர்கள். ஒன்று தொலைந்தாலும் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். நன்கொடைப் புத்தகங்களைத் தனி நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.