ரப்பர் விளையை விற்பதற்கு முன்

களியக்காவிளையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

இரண்டு முறை நீட் எழுதியும் உங்கள் மகளுக்கு அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. பி.எஸ்சி. நர்சிங் சேருகிறேன் என்று இப்போது அவளே சொல்கிறாள். நீங்களோ இருக்கும் ரப்பர் தோட்டத்தை, அந்த விளையை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். 'நர்ஸ் என்றால் சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?' என்ற வரிக்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்கே வருகிறேன்.

ஊர் மதிப்பில் டாக்டர் ஒரு படி மேல்தான், மறைத்துப் பயனில்லை. கல்யாண அழைப்பிதழில் பெயரைவிட எம்.பி.பி.எஸ். பளிச்சென்று தெரியும். மருத்துவமனை வாசல் பலகையில் டாக்டர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். சென்ற ஆண்டு என் அப்பா கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தார். காலையில் டாக்டர் வந்தால் வார்டே எழுந்து நிற்கும். நான்காம் நாள் இரவு அப்பாவின் மூச்சு மாறியதைக் கவனித்தவர் இரவுப் பணியில் இருந்த சிஸ்டர். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார், ஆக்ஸிஜன் வைத்தார், அதன் பிறகு டாக்டரை எழுப்பினார். வீடு திரும்பும்போது டாக்டருக்குப் பழக்கூடை கொடுத்தோம். சிஸ்டரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. உங்களுக்கு யோசனை சொல்கிறவனின் லட்சணம் இது.

கேரளத்தில், பாறசாலைக்கு அப்பால், நர்ஸ் பெண்ணுக்கு ஆலோசனை (வரனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததா) தேடி வரும். ஆனால் அந்த மரியாதையில் பாதி, வளைகுடாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வரும் பணத்துக்கானது. உள்ளூர்த் தனியார் மருத்துவமனை நர்சுகள் சம்பளத்துக்காக 2017-இல் போராட்டத்தில் இறங்க வேண்டியிருந்தது. கேரள அரசு குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 20,000 ரூபாயாக அறிவித்தது 2018 ஏப்ரலில். அடுத்த மாதமே பேராம்பிராவில் நிபா நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி அதே நோயில் இறந்துபோனார். தேவதை என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தில் கைவைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. அதோடு நிற்பவர்கள் இன்று குறைவு. முதுநிலைக்கு இன்னொரு நீட் காத்திருக்கிறது. விளையை விற்ற பணம் முதல் கட்டத்திலேயே கரைந்துவிடும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். அலச வேண்டியது கல்லூரியைத்தான்: நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் எத்தனை படுக்கை? கடைசி ஆண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் இடமானால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

எனக்கு இருக்கும் ஒரே சந்தேகம் மகளைப் பற்றியது. நர்சிங் பிடித்துத்தான் கேட்கிறாளா, நீட் சலித்துப்போய்க் கேட்கிறாளா? மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால், இரவுப் பணி முடித்து வரும் காலையில் அவரோடு மகளைப் பேச விடுங்கள். பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டாம். பிறகு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு இருவரும் என்னை வந்து பாருங்கள். விளைப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.