பிராகில் பின்னிரவு ஒன்றரைக்கு வராத 9-ஆம் எண் டிராம்

செக் தலைநகர் பிராகில் பின்னிரவு ஒன்றரைக்கு 9-ஆம் எண் டிராமுக்குக் காத்திருந்தும் அது ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் 9-ஆம் எண் வரவே வராது. அது பகல் வண்டி. ஷிஷ்கோவ் பகுதி மதுக்கூடத்திலிருந்து விடுதிக்குத் திரும்ப, 91 முதல் 99 வரையுள்ள இரவு டிராம்களில் நகர மையத்துக்குப் போகும் ஏதாவது ஒன்றில் ஏறி, லாசார்ஸ்கா நிறுத்தத்தில் இறங்கி மாறுங்கள். இரவு வழித்தடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அங்கே சந்திக்கின்றன.

நீங்கள் பகலில் தேடிச் சேமித்த வழியையே இரவிலும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புறப்படும் நேரத்தை மாற்றி மறுபடி தேடிப் பாருங்கள். கைபேசி அணைந்துவிட்டால் நிறுத்தத்தில் ஒட்டியுள்ள அட்டவணையே போதும்: தொண்ணூறுகளில் உள்ள எண்ணைத் தேடுங்கள்.

லாசார்ஸ்காவில் ஒரே நடைமேடை என்று எண்ணிவிடாதீர்கள். தெருமுனையைச் சுற்றிப் பல உண்டு. நான் ஒருமுறை தவறான பக்கத்தில் நின்று, என் வண்டி எதிரே கிளம்பிப் போவதை வேடிக்கை பார்த்தேன். அடுத்தது வர அரைமணி நேரம் ஆனது, அதுவும் ஜனவரிக் குளிரில்.

காகித டிக்கெட் என்றால் முதலில் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்துங்கள், ஒரே ஒரு முறை. குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ ஏறத்தாழ ஒரு மணி வரை ஓடும். கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால் இந்தத் தொல்லையே இல்லை.