ஆல்பத்தில் பிரின்ட் இருந்தாலும் நெகட்டிவ்வையே ஸ்கேன் செய்யுங்கள்

கேள்வி: அப்பா எடுத்த பழைய நெகட்டிவ்களும் சில ஸ்லைடுகளும் ஒரு பெட்டியில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஆல்பத்தில் பிரின்ட் உண்டு. அந்த பிரின்ட்டை மொபைலில் படமெடுத்துக்கொண்டால் போதாதா? நெகட்டிவ்வை வீட்டிலேயே டிஜிட்டலாக்க முடியுமா?

முதல் கேள்விக்கு: போதாது. இரண்டாவதற்கு: முடியும். ஏன் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆல்பத்தில் அத்தையின் படம் ஒன்று உண்டு. 1974-ல் நாகர்கோவிலுக்கு அருகே, எங்கள் பழைய வீட்டு வாசலில் அப்பா எடுத்தது. பட்டுச்சேலையில் அத்தை நேராக நிற்கிறார். பின்னால் சுவர், அவ்வளவுதான். அப்பாவின் கேமரா அக்ஃபா கிளிக் III. 120 என்ற அகலமான ஃபிலிம் ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். ஸ்டுடியோவில் அந்தச் சதுரத்திலிருந்து மூன்றரைக்கு ஐந்து அங்குல நீள்சதுர பிரின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் படத்தில் பத்தில் மூன்று பங்கு வெட்டுப்பட்டிருக்கிறது. நெகட்டிவ்வை நான் ஸ்கேன் செய்தபோது, வெட்டுப்பட்ட பகுதியில் திண்ணை இருந்தது. திண்ணையில் தாத்தா உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தார். படமெடுப்பதை அவர் கவனிக்கவே இல்லை. தாத்தாவின் படம் என்று எங்களிடம் இருந்தது சுவரில் மாலை போட்டு மாட்டியது ஒன்றுதான். அதில் விறைத்துப்போய்க் கேமராவைப் பார்ப்பார். ஐம்பது ஆண்டுகளாக அவர் ஒரு தகர டப்பாவுக்குள் ஓலை முடைந்துகொண்டிருந்திருக்கிறார்.

இன்னொன்று, வரிசை. ஆல்பத்தில் படங்கள் இடம் மாறி ஒட்டப்பட்டிருக்கும். ஃபிலிம் துண்டிலோ எடுத்த வரிசை அப்படியே இருக்கும். தேதி தெரியாத படத்துக்குப் பக்கத்துச் சட்டத்தில் (ஃபிரேமில்) தேதி தெரிந்த கல்யாணம் இருந்தால் போதும், ஆண்டு கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் நாற்பது படங்களுக்கு மேல் இப்படித்தான் காலம் கண்டுபிடித்தேன். ஆகவே துண்டுகளைக் கலைக்காதீர்கள். ஸ்டுடியோ உறைகளில் இருக்கும் எழுத்தையும் முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. நான் மூன்று வழிகளை முயன்றிருக்கிறேன். முதலில் வாங்கியது கையடக்கமான மலிவு ஃபிலிம் ஸ்கேனர். சட்டத்தின் ஓரங்களை அதுவும் வெட்டியது. வெளிச்சமான இடங்களை வெளிறடித்தது. 120 ஃபிலிம் அதற்குள் நுழையவே இல்லை. அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து, ஃபிலிமுக்கான ஒளி மூடியிலேயே உள்ள தட்டை ஸ்கேனர். 120 நெகட்டிவ்வுக்கு இது நல்ல கருவி. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள்) போன்ற எண்களை நம்பி, அளவில் சிறிய 35 மி.மீ. ஃபிலிமை வைக்காதீர்கள், உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூட வராது. சுருண்ட ஃபிலிம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய்ப் படலம் போன்ற வளையங்களும் விழும்.

நான் நிலைத்தது கேமராவில்தான். 24 மெகாபிக்சல் கேமரா, மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ், கீழே வெள்ளை எல்.இ.டி. ஒளிப்பலகை, அதன் மேல் ஃபிலிம், மேலிருந்து செங்குத்தாகப் பார்க்கும் கேமரா. அவ்வளவே. பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது சிஆர்ஐ மதிப்பு (ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 95-க்குக் குறையாமல் பாருங்கள்; மலிவுப் பலகைகளில் சிவப்பு சரியாக வராது, முகங்களின் நிறம் கெட்டுவிடும். பலகைக்குப் பதில் மொபைல் திரையை வைப்பவர்கள் உண்டு. அப்படியானால் ஃபிலிமைத் திரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்தி, இடையில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு வையுங்கள். இல்லாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் பதிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கேமராவும் ஃபிலிமும் இம்மியும் சாயாமல் நேருக்கு நேர் இருப்பது. இதற்கு ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். அதை ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக் கேமராவில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் தெரிந்தால் சரி. எனக்கு இது தெரியாமல் முதல் இருநூறு படங்களில் ஒரு மூலை மங்கலாகவே விழுந்தது. கறுப்பு அட்டையில் ஃபிலிம் அளவுக்குச் சன்னல் வெட்டிப் பிடிமானம் செய்துகொள்ளுங்கள். சன்னலைச் சட்டத்தைவிடச் சற்றே பெரிதாக வெட்டினால் ஓரம் எதுவும் மறையாது. அறை விளக்கை அணைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர், ரா (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும்) கோப்பு என்று வைத்துக்கொண்டு எடுங்கள். ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும். ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை நேராகப் படிக்க முடிந்தால் பக்கம் சரி.

நெகட்டிவ்வில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும்; அதைத் தலைகீழாக்கினால்தான் படம் கிடைக்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வில் இது எளிது. நிற நெகட்டிவ்தான் பலரைக் கைவிட வைக்கும். அதன் ஆரஞ்சு நிறம் அழுக்கோ பழுதோ இல்லை. ஃபிலிமின் சாயங்கள் உறிஞ்சக்கூடாத ஒளியையும் கொஞ்சம் உறிஞ்சும். அந்தக் குறையைப் பிரின்ட்டில் ஈடுகட்டத் தயாரிப்பாளர்களே சேர்த்த முகமூடி அது. அப்படியே தலைகீழாக்கினால் படம் முழுவதும் நீலம் பாயும். இரண்டு சட்டங்களுக்கு இடையில் படமே இல்லாத வெற்று ஆரஞ்சுப் பட்டை இருக்கிறதல்லவா? அதை மென்பொருளுக்கு அடிப்படை நிறமாகக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

படமெடுக்கும் முன்பே தூசியை ஊதிவிடுங்கள், வாயால் வேண்டாம், ரப்பர் ஊதுபந்தால். ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதி இருந்தாலும், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அது உதவாது. அதிலுள்ள வெள்ளித்துகள்கள் அந்த ஒளியையும் மறைத்துவிடும். அப்பா வாங்கியவற்றில் பல, உதகையில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல்கள். அவற்றில் ஒவ்வொரு தூசியையும் திரையில் கையால்தான் நீக்கினேன்.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. பூசணம் பிடிக்காத டப்பா அபூர்வம். பூசணம் பிடித்த ஃபிலிமைத் தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள். பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மை பெற்றுவிடும். பூசணத்தோடு படமும் போய்விடும். பளபளப்பான பின்பக்கத்தை மட்டும் தூய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்ட பஞ்சால் துடைத்தேன். படம் பதிந்த பக்கத்தைத் தொடவே இல்லை. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஃபிலிமின் அசிட்டேட் அடித்தளம் சிதைகிறது என்று பொருள். அதிலிருந்து வரும் அமிலம் சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். உடனே தனியாகப் பிரித்து வையுங்கள்.

ஸ்லைடுகளில் (திரையில் காட்டுவதற்கான ஃபிலிம் படங்கள்) நிறம் நேராகவே இருப்பதால் தலைகீழாக்கும் வேலை இல்லை. ஆனால் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடைவெளி மிக அதிகம். ஒரே ஸ்லைடை இரண்டு வெளிச்ச அளவுகளில் எடுத்துக்கொள்வது நல்லது. பஹ்ரைனில் வேலை பார்த்த சித்தப்பா கோடக் நிறுவனத்தின் கோடக்குரோம் ஃபிலிமில் எடுத்த ஸ்லைடுகள் நாற்பது ஆண்டு கழிந்தும் நேற்று எடுத்தவை போல இருக்கின்றன. அதே பெட்டியிலிருந்த வேறு வகை ஸ்லைடுகள் கருஞ்சிவப்பாக மங்கிவிட்டன. ஸ்லைடின் அட்டைச் சட்டமும் படத்தின் ஓரத்தைச் சற்று மறைக்கும். ஆனாலும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பா கையெழுத்து அந்த அட்டையில்தான் இருக்கிறது.

ரா கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது. ஸ்கேன் முடிந்த நெகட்டிவ்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிவிசி பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்து, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். மூலை மங்கிய அந்த இருநூறு படங்களையும் கண்ணாடி வித்தை தெரிந்த பிறகு நான் மறுபடி எடுத்தேன். தாத்தா இருக்கும் படமும் அவற்றில் ஒன்று. இரண்டாம் முறைதான் அவர் மடியில் கிடக்கும் ஓலைக் கீற்றுகளை எண்ண முடிந்தது.

உங்களிடம் இருப்பது 120 ஃபிலிமா, 35 மி.மீ.யா, கேமரா என்ன என்று சொன்னால் பிடிமான அட்டையின் அளவுகளைத் தருகிறேன்.