ஜஸ்டிஸ் லீக் கேசட்டு ஏன் பொக்குனு போச்சு? பழைய டிவி கேம் கேள்வி பதில்

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. போன வாரம் நான் போட்ட ஒரு படத்துனால வந்த வினை இது. 'ஜஸ்டிஸ் லீக் டாஸ்க் ஃபோர்ஸ்', 1995ல செகா மெகா டிரைவு, சூப்பர் நின்டென்டோங்கற ரெண்டு டிவி கேம் மெசினுக்கும் வந்த சண்டை கேமு. அந்தக் கேசட்டைப் படம் புடிச்சுப் போட்டு, "என்னைய இந்தளவுக்கு ஏமாத்துனது வேற எதுவுமில்ல"ன்னு ஒரு வரி எழுதுனேன். அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பட்டறை லீவு. கேளுங்க, பொழுதோட வரைக்கும் சொல்றேன்.

என்னையத் தெரியாதவங்களுக்கு: 1996லிருந்து 2004 வரைக்கும் கோயமுத்தூர் சிங்காநல்லூர்ப் பக்கம் நாலு டிவி வெச்சு கேம் கடை நடத்துனேன். இப்ப மோட்டார் வைண்டிங். சாயங்காலமானா பழைய டிவி கேம் சர்வீஸ்.

கேக்கறதுக்கு முந்தியே ரெண்டு சொல்லிடறேன். கேசட்டை வாயில ஊதாதீங்க. கையில கெடைச்ச அடாப்டரைச் செருகாதீங்க.

பொள்ளாச்சி பங்காளி: படத்துல பாத்தா நல்லாத்தானுங்க இருக்குது? சூப்பர்மேன், பேட்மேன் எல்லாரும் இருக்காங்க. அப்படி என்ன கொறை?

பாக்க நல்லாத்தான் இருக்கும் பங்காளி, அதுதான் வயித்தெரிச்சல். மொத்தம் ஒம்போது பேரு. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன், ஃப்ளாஷ், அக்வாமேன், கிரீன் ஆரோ. வில்லனுக சீட்டா, டெஸ்பெரோ, டார்க்சைட். மெட்ராஸ்ல இருந்து தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா அந்தக் கேசட்டு வந்தன்னைக்கு, அட்டையைக் கடை வாசல்ல ஒட்டி வெச்சேன். காலையில பத்து மணிக்கு வெளிய சைக்கிள் நிறுத்த எடமில்ல. மத்தியானம் மூணு மணிக்கு நாலு டிவில மூணுல ஸ்ட்ரீட் ஃபைட்டர்ங்கற வேற சண்டை கேமு ஓடுது. நாலாவதுல கார் ரேஸ். சூப்பர்மேனை ஒருத்தனும் சீண்டல.

காரணம் எனக்கே புரிய கொஞ்ச வருசமாச்சு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல ஒரு குத்து உடுங்க. குத்து பட்ட அந்தக் கணம் ரெண்டு பேருமே சில பிரேம் (திரையில மாறி மாறி வர்ற ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) அப்படியே உறைஞ்சு நிப்பாங்க. ஹிட் ஸ்டாப்னு பேரு. நொடிக்கு 60 பிரேம் ஓடறதுல அது கண்ணுக்குத் தெரியாது, கட்டை வெரலுக்குத் தெரியும். அதோட சத்தம், அடி வாங்குனவன் பின்னால சறுக்கறது, எல்லாம் ஒட்டுக்கா விழுந்தாத்தான் "பட்டுச்சு"ன்னு மனசு சொல்லும். இந்தக் கேம்ல சூப்பர்மேன் குத்துனா, ஈரத்துணியைச் செவுத்துல வீசுன மாதிரி இருக்கும். மிச்ச உசிரைக் காட்டற உசிர்க்கோடு கொறையுது, ஆனா அடி விழுந்த மாதிரி இல்ல. மலையைத் தூக்கறவன் கையில கனமே இல்லீன்னா எப்படி?

கோபி டீச்சர்: இதைப் பண்ணுனது எந்தக் கம்பெனிங்க? எங்க பையன் என்னமோ பெரிய கம்பெனின்னு சொல்றான்.

பையன் சொல்றது சரிங்க அம்மிணி. இது நல்ல கேள்வி, சித்தெ நெகிழ்த்தியாச் சொல்றேன்.

சூப்பர் நின்டென்டோ கேசட்டைப் பண்ணுனது பிளிசார்ட். வார்கிராஃப்ட், ஸ்டார்கிராஃப்ட்னு கேமுக போட்டு உலகத்தையே ஆட்டி வெச்ச அதே பிளிசார்ட். செகா கேசட்டைப் பண்ணுனது காண்டோர்னு ஒரு சின்னக் கம்பெனி, 1993ல ஆரம்பிச்சது. ஆர்டர் குடுத்தது சன்சாஃப்ட். கடைசியில கடைக்குக் கொண்டாந்தது அக்ளைம்.

நம்மூர்க் கணக்குல சொன்னா, பம்ப்செட் கம்பெனி ஒண்ணு கணபதியில ஒரு பட்டறைக்கும் சிட்கோவுல ஒரு பட்டறைக்கும் ஒரே சாமானுக்கு ஜாப் ஆர்டர் போட்டு, இன்னொருத்தன் பண்றான்னு ரெண்டு பேருக்குமே சொல்லாம உட்ட மாதிரி. 1994ல அமெரிக்காவுல நடந்த எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியிலதான் இவங்களும் அதே கேமை வெச்சுட்டு நிக்கறாங்க, அவங்களும் வெச்சுட்டு நிக்கறாங்கன்னு தெரிஞ்சுது. பேசி வெச்ச மாதிரி ரெண்டும் ஒண்ணு போலவே இருந்துச்சாம். காண்டோரைத் தொடங்குன மூணு பேர்ல ஒருத்தரான டேவிட் பிரெவிக், 2016ல ஒரு மேடையில இதைச் சொன்னார். எனக்கு அதுல ஆச்சரியமில்ல. ரெண்டு பேருமே ஸ்ட்ரீட் ஃபைட்டரைப் பாத்து எழுதுனா விடை ஒண்ணாத்தானே வரும்?

ஆனா அந்தப் பழக்கம் வீண் போகல. காண்டோர்காரங்க மனசுல இருந்த இன்னொரு கேமுக்குப் பிளிசார்ட் கை குடுத்துச்சு. 1996ல காண்டோரையே வாங்கி 'பிளிசார்ட் நார்த்'னு பேர் மாத்துனாங்க. அந்தக் கேமுதான் உலகம் பூரா ஓடுன டயாப்லோ. எங்கடையில ஒரே நாள்ல பொக்குனு போன கேசட்டுக்குப் பின்னால இப்படி ஒரு கதை.

பல்லடம் பாஸ்: அண்ணா, எங்கிட்ட இதே கேசட்டு இருக்குது, என்ன வெலைக்குப் போகும்?

எடுக்கறவன் குடுக்கற வெலைக்குப் போகும். நான் சர்வீஸ்காரன், தரகன் இல்ல.

உடுமலை: எங்க மாமா ஊட்டு செகாவுல மேலயும் கீழயும் கருப்புப் பட்டை தெரியும், ஆட்டமும் மெதுவா ஓடும். மெசின் கோளாறா?

கோளாறில்ல தம்பி, அது டிவி முறை. அந்தக் காலத்து டிவில அமெரிக்கா, ஜப்பான்ல என்டிஎஸ்சி (NTSC) முறை, நொடிக்கு 60 தடவை படம் மாறும். நம்ம நாட்டுல பால் (PAL) முறை, 50 தடவைதான். 60க்குன்னு எழுதுன கேமைத் திருத்தாம அப்படியே 50ல ஓட்டுனா, ஆறுல ஒரு பங்கு வேகம் போயிரும். பாட்டும் இழுக்கும். பால்ல கோடுக அதிகம்கறதுனால மிச்ச எடம் கருப்பாத் தெரியும். நாம சின்ன வயசுல பாத்த பாதிக் கேமுக இப்படித்தான், மாட்டு வண்டி வேகம். ஜஸ்டிஸ் லீக்குக்கு இதைச் சாக்காச் சொல்லலாம்னு நானும் பாத்தேன். பழைய மெசினு மாதிரியே கம்ப்யூட்டரை ஓட வெக்கற எமுலேட்டர்ல 60ல ஓட்டிப் பாத்தாச்சு. வேகமா ஓடுற ஈரத்துணி.

சூலூர் சுள்ளான்: கிரீன் லேன்டர்ன் ஏன் இல்ல?

1994ல காமிக்ஸ்லயே அவன் கெட்டுப் போய் வில்லனாகிட்டான் கண்ணு. அதனாலதான் உட்டுட்டாங்கன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா நேரம் பொருந்துது.

பேர் போடாதவர்: ரோம் (கேம் ஃபைல்) லிங்க் அனுப்புங்க ப்ரோ.

வேற எடம் பாருங்க.

ஈரோட்டு மஞ்சமண்டி: ஏனுங்ணா, எனக்கு ஒரே சந்தேகம். சூப்பர்மேன் மேல கிரீன் ஆரோ அம்பு உட்டா அம்புதானே ஒடையோணும்? இவனுக்கு எப்படி உசிர் கொறையும்?

இதே கேள்வியை 1997ல ஒரு பையன் கேட்டான். நாலாவதோ அஞ்சாவதோ படிச்சிருப்பான். உண்டியக் காசு, எல்லாம் நாலணா எட்டணா. எண்ணிக் குடுத்துட்டு உக்காந்தவன் சூப்பர்மேனை எடுத்தான். எதுத்தாப்ல கிரீன் ஆரோ. ரெண்டு ரவுண்டும் தோத்துட்டுத் திரும்பி என்னையப் பாத்து, "சூப்பர்மேனுக்கு அம்பு குத்துமாண்ணா?"ன்னான். கண்ணு கலங்கியிருச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல, இன்னும் ரெண்டு ஆட்டம் சும்மா உட்டேன். சண்டை கேம்ல எல்லாருக்கும் ஒரே நீளத்துல உசிர்க்கோடு வெக்கோணும், இல்லீன்னா ஆளாளுக்கு சூப்பர்மேனையே எடுப்பாங்க. அவ்வளவுதான் விசயம்.

தாராபுரம் தம்பி: குறுக்க பேசறனுங்க, மன்னிக்கோணும். கிரீன் ஆரோவால முடியும். 1986ல வந்த பேட்மேன் கதை 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்'ல, ஒத்தைக் கையோட இருக்கற கிரீன் ஆரோ, சூப்பர்மேனுக்கு ஆகாத கல்லான கிரிப்டோனைட்ல செஞ்ச அம்பு உட்டு சூப்பர்மேனைச் சாய்ப்பான்.

தெரியும் தம்பி. கதை முழுக்க அந்த ஒரு அம்புதான், அதுக்கே பேட்மேன் எத்தனை பாடுபட்டான். இங்க ரவுண்டுக்குப் பதினஞ்சு அம்பு உடறான். அத்தனை கிரிப்டோனைட்டை எந்த மளிகைக் கடையில கட்டி வாங்குனான்?

கரூர் கொசுவலை: 2013ல வந்த இன்ஜஸ்டிஸ் கேம்ல இதுக்குக் காரணம் வெச்சிருந்தாங்க. ஒரு மாத்திரை முழுங்குனா சாதா ஆளுக்கும் பலம் வந்துரும்.

ஆமா, வெச்சிருந்தாங்க. மெனக்கெட்டிருக்காங்கன்னு ஒத்துக்கறேன். ஆனா எங்கேள்வி வேற. அதே 1995ல கேப்காம் 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்'னு ஒண்ணு கொண்டாந்தான். அதுல கேப்டன் அமெரிக்கா ஹல்க்கைப் போட்டுச் சாத்துவான். அவன் மனுசன், இவன் பச்சை ராட்சசன். "இதெப்படி"ன்னு என் கடையில ஒருத்தனும் கேக்கல, மாத்திரையும் தேவைப்படல. ஏன்னா ஹல்க் நடந்தாலே கனம் தெரியும். திரையில பாதி அவந்தான். அவன் அடி பட்டா நம்ம பல்லு கூசும். கனத்தைக் காட்டிட்டா லாஜிக்கை எவனும் கேக்க மாட்டான். கனமில்லாத எடத்துலதான் உண்டியக் காசுக்காரன் கூட நியாயம் கேக்கறான்.

தாராபுரம் தம்பி: அப்ப கதை முக்கியமில்லீங்களா?

இருக்கட்டும். ரெண்டாவது.

கோபி டீச்சர்: பையன் கேக்கச் சொல்றான். ஃப்ளாஷ் நெசமான வேகத்துல ஓடுனா மத்தவங்க பட்டனை அமுக்கறதுக்கு முந்தியே சண்டை முடிஞ்சிருமே?

அம்மிணி, நீங்களுமா! முடிஞ்சிரும். ஆட்டமே இருக்காது. பையனைப் பாடம் படிக்கச் சொல்லுங்க.

ஈரோட்டு மஞ்சமண்டி: எல்லாத்தையும் தள்ளுங்க. நம்ம இரும்புக்கை மாயாவியை எறக்குனா ஒருத்தனும் நிக்க மாட்டான்.

ஐயோ, 1972 முத்து காமிக்ஸ் முதல் புத்தகத்துக்கே போயிட்டீங்க. சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்றேன், ஆசையா இருக்குது. மாயாவி கரண்ட்டைத் தொட்டா ஒடம்பு மறைஞ்சுரும், இரும்புக்கை மட்டும் தெரியும். சண்டை கேம்ல ஒவ்வொரு ஆளைச் சுத்தியும் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள அடி விழுந்தாத்தான் பட்டதாக் கணக்கு. மாயாவிக்கு அந்தப் பெட்டியை எங்க வெப்பீங்க? கையில மட்டும் வெச்சா அவரை அடிக்கவே முடியாது. ஒடம்புல வெச்சா மறைஞ்சு என்ன பிரயோசனம்? ஒரு வழி இருக்குது. மறையறதுக்கு கரண்ட்டு மீட்டர் ஒண்ணு குடுத்து, தீந்தா உருவம் தெரியற மாதிரி வெச்சுரலாம். கடையை மூடாம இருந்திருந்தா நானே எவனையாச்சும் புடிச்சுப் பண்ணச் சொல்லியிருப்பேன்.

அவினாசி ஆளு: அண்ணா, இந்தக் கேம் ஏன் உங்களுக்குப் புடிக்கல?

மேல போய்ப் படிங்க.

பெருந்துறை: பிளேஸ்டேசன்ல 'எக்ஸ்மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வாங்கி ஏமாந்தவன் நான். ஆர்கேடுல (காசு போட்டு ஆடற பெரிய மெசின்ல) ஆளை மாத்தி மாத்தி எறக்கலாம். இதுல முடியல.

அது வேற மாதிரி ஏமாத்தம், ஆனா காரணம் சுத்தமானது. பிளேஸ்டேசன்ல மெயின் மெமரியே 2 எம்பிதான். நாலு ஆளோட படத்தையும் ஒரே நேரத்துல உள்ள வெச்சிருந்தாத்தான் நடுவுல மாத்தி எறக்க முடியும். எடம் பத்தல, மாத்தற வேலையையே வெட்டிட்டாங்க. செகா சாட்டர்ன்காரனுக்கு ஜப்பான்ல 4 எம்பி மெமரி கேசட்டு ஒண்ணு தனியாக் குடுத்தாங்க. அதைச் செருகுனா ஆர்கேடு மாதிரியே ஓடும். அங்க மெசினு பத்தல. ஜஸ்டிஸ் லீக்குக்கு அந்தச் சாக்கும் கெடையாது. அதே மெகா டிரைவுல ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஜம்முனு ஓடுச்சே.

அன்னூர்: எங்கிட்ட 9999999 இன் 1 கேசட்டு இருக்குது, என்ன வெலைக்கு

வெலை கேக்கறவங்களுக்கு இனிமேல் பதில் கெடையாது. அதுல இருக்கறதே கொஞ்சம் கேமுதான், மத்ததெல்லாம் திரும்பத் திரும்ப அதே.

மேட்டுப்பாளையம்: ஊதாதீங்கன்னு சொல்றீங்க, ஊதுனா ஓடுதுங்களே?

ஓடறது ஊதுனதுனால இல்ல, நீங்க கழட்டி மறுக்கா மாட்டுனதுனால. எச்சில் ஈரம் பட்டுப் பட்டு அந்தச் செம்புப் பல்லு பச்சை பூத்துரும். காது குடையற பஞ்சுக்குச்சியில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொடைங்க, காய உட்டு மாட்டுங்க. ஊதறதுன்னா அடுப்பை ஊதுங்க.

காங்கயம் காளை: அண்ணா, அடாப்டரைப் பத்தி நீங்க ஆரம்பத்துல சொன்னதை இப்பத்தான் பாத்தேன். அதுக்கு முந்தியே பழைய செகாவுல வேற அடாப்டரைச் செருகிட்டேன். சித்தெ பொகை வந்துச்சு.

கழட்டுங்க, மொதல்ல அதைக் கழட்டுங்க. பழைய, பெரிய மெகா டிரைவுக்கு நடுவுல மைனஸ், வெளிய பிளஸ். ரெண்டாவதா வந்த சின்னதுக்கு அப்படியே தலைகீழ். மாத்திக் குடுத்திருப்பீங்க. வோல்டேஜைக் கட்டுப்படுத்தற 7805 ரெகுலேட்டரோட போயிருந்தா சின்னச் செலவு, உள்ள சிப்பு வரைக்கும் போயிருந்தா உசிர் இல்ல. இன்னொருக்காப் போட்டுப் பாக்காதீங்க. நாளைக்குப் பொழுதோட கொண்டாங்க. அந்த அடாப்டரையும் மறக்காம எடுத்துட்டு வாங்க, அதை என் கண்ணு முன்னால ஒடைச்சுப் போட்டுட்டுத்தான் மெசினைக் கையில எடுப்பேன்.