உடல் பருமனும் குழந்தையின்மையும் கணவன் மனைவியின் மனத்தை எப்படிப் பாதிக்கின்றன?

எங்களுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்கு சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகவும், 84 கிலோ எடையில் குறைந்தது எட்டு கிலோவையாவது குறைக்க வேண்டும் என்றும் முதல் ஆண்டிலேயே மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. எடை கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் கருமுட்டை வெளிவருவது தடைபடுகிறது; 5 முதல் 10 விழுக்காடு எடை குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிவிடுகிறது.

ஆனால் அன்று முதல் நான் அவளுடைய கணவனாக இருப்பதை விட்டுவிட்டு, மேற்பார்வையாளனாக மாறிவிட்டேன். அவள் இரண்டாவது தோசையை எடுக்கும்போது என் பார்வை தானாகத் தட்டுக்குப் போகும். வாய்திறந்து ஒன்றும் சொன்னதில்லை; பார்த்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. சில மாதங்களில் அவள் எனக்குப் பரிமாறிவிட்டு, நான் கை கழுவி எழுந்து போன பிறகே சாப்பிட உட்காரத் தொடங்கினாள். அதைக் கவனிக்கவே எனக்கு ஓராண்டு பிடித்தது.

ஒருநாள் மதுரையில் நகரப் பேருந்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "உக்காருங்கக்கா" என்று அவளுக்கு இடம் கொடுத்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். "அஞ்சு" என்று சொல்லிவிட்டு என் மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கிய பிறகு இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. குழந்தையின்மையை மட்டுமாவது நாலு பேரிடமிருந்து மறைத்துக்கொள்ளலாம். உடலை எங்கே மறைப்பது?

முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் முடிந்ததும், "இன்னைக்கும் நாளைக்கும் சேர்ந்திருங்க" என்பார்கள். தாம்பத்தியம் வேளை தவறாமல் போட வேண்டிய மாத்திரையாகிவிட்டது. வளைகாப்பு அழைப்புகளுக்கு அவளே காரணம் கண்டுபிடிப்பாள். உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியது. அந்தக் கணக்கை அவளிடம் சொன்னேன், அவள் பதில் பேசவில்லை.

எனக்கு விந்தணுப் பரிசோதனை எடுத்தது மூன்றாம் ஆண்டில்தான். அப்போது என் எடை 92 கிலோ. அதுவரை எவரும் அதைக் கேட்டதில்லை. என்னுடையதற்குத் தொப்பை என்று பெயர், அவளுடையதற்குக் குறை என்று பெயர். ஆணின் உடலில் சேரும் கொழுப்பு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றி விந்தணு உற்பத்தியைக் குறைக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். மில்லிலிட்டருக்கு 1.6 கோடியாவது இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 90 லட்சமே இருந்தது. தாளைப் பார்த்ததும் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் அழுதாள், மூன்று வருடம் தான் ஒருத்தியே குற்றவாளியாக நின்றதற்காக அழுததாகப் பிறகு சொன்னாள்.

ஆகவே, இந்தக் கேள்வியைக் கேட்டவர் திருமணமானவர் என்றால், குழந்தைக்காக மருத்துவரிடம் போகும் முதல் மாதமே இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குச் செல்லுங்கள். நாங்கள் இப்போது காலையில் ஒன்றாக நடக்கிறோம், ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். அவள் 79, நான் 85. அவளுக்கு மாதவிலக்கு சீராகியிருக்கிறது. கரு இன்னும் தங்கவில்லை.