ஒரே நாளில் 6% ஏறிய பங்கைப் பற்றி ஆய்வாளர் ‘டெட் கேட் பவுன்ஸ்’ என்று எழுதியிருந்தால் வாங்கலாமா?

வாங்கச் சொல்லும் வார்த்தை இல்லை அது. விழுந்துகொண்டிருக்கும் பங்கு நடுவில் கொஞ்சம் ஏறிவிட்டு மறுபடியும் விழும்; அந்த நடு ஏற்றத்துக்குத்தான் இந்தப் பெயர். அந்த 6% ஏற்றத்தை ஆய்வாளர் அப்படிக் குறிப்பிட்டிருந்தால், “இதை நம்பி வாங்காதே” என்கிறார்.

செத்த பூனையும் நல்ல உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் பட்டு ஒருமுறை எம்பும் என்பது தரகர்களின் குரூரமான கிண்டல். 1985 டிசம்பரில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழில் இது அச்சேறியது. பான்-எலக்ட்ரிக் நிறுவனம் நொடித்துப்போய், சிங்கப்பூர் பங்குச்சந்தையையே 3 நாள் மூடிவைத்த சமயம். திறந்தபின் சரிந்த விலைகள் சற்று மீண்டதைத்தான் அப்படிச் சொன்னார்கள். பூனை பாவம், அதற்கும் சந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்படி ஏறுவதற்குப் பெரும்பாலும் ஷார்ட் கவரிங்தான் காரணம். கையில் இல்லாத பங்கை முன்பே விற்றவர்கள், லாபத்தை எடுக்கத் திரும்ப வாங்குவார்கள். கம்பெனியில் எதுவும் மாறியிருக்காது.

ஏற்றம் நிஜமா என்று பார்க்க, என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) தளத்தில் அன்றைய டெலிவரி சதவீதத்தை, அதாவது கைமாறிய பங்குகளில் அன்றே விற்காமல் வைத்துக்கொள்ள வாங்கப்பட்டவை எவ்வளவு என்பதைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவென்றால், அன்றே வாங்கி அன்றே விற்றவர்கள்தான் அதிகம். காலாண்டு முடிவு, புது ஆர்டர் மாதிரி செய்தி ஏதும் வந்ததா என்றும் தேடுங்கள்.

ஒன்று, ஏறும் நாளன்றே இதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அந்த ஆய்வாளர் உட்பட. விலை முந்தைய அடிமட்டத்துக்கும் கீழே போன பிறகுதான் பெயர் பொருந்தியதா என்று தெரியும்.